கலைக்களஞ்சியமும் சான்றாதாரமும்: யாழ்ப்பாண வரலாற்றுப் பதிவுகளை முன்வைத்து ஒரு நோக்கு

அண்மைக்காலத் தமிழ் அறிவுலகில் ஏற்பட்ட மாற்றங்களுள், பலர் கூடி எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தின் வளர்ச்சி ஆய்வாளரின் போதிய கவனத்தைப் பெறாத ஒன்றாகும். 2003ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியா இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டுள்ளது. அதற்கு அத்திவாரமிட்டவர்களுள் முதன்மையானவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தவர். பல்கலைக்கழகத்தார் இம்முயற்சியை நோக்கும் முறை விசித்திரமானது. மாணவரின் ஒப்படைகளில் அதனை மேற்கோள் காட்டலாகாது என்று விதிக்கும் நாமே, ஓர் ஆண்டையோ பெயரையோ உறுதிசெய்ய வேண்டியவிடத்து முதலிலே திறந்து பார்ப்பது அதனைத்தான். பயன்படுத்துவதும் பழிப்பதும் ஒருங்கே நிகழ்கின்றன. விமர்சிப்பது மட்டும் நிகழவில்லை.

இக்கட்டுரை அவ்விமர்சனத்தை ஓர் எல்லைக்குள் நின்று மேற்கொள்ள முயல்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வரலாறு பற்றிக் கலைக்களஞ்சியத்தில் எழுதப்புகும் ஒருவர் எதனைச் சான்றாகக் கொள்கிறார், அச்சான்று எவ்வாறு உருவாகியது, எவருடைய குரல் சான்றாகும் தகுதியைப் பெறுகின்றது, எவருடையது பெறாமற்போகின்றது என்பனவே நமது வினாக்கள். இவற்றை நூலகவியல் நுணுக்கங்களாக ஒதுக்குவது எளிது. ஆயின் அச்சுக்கூடமும் ஆவணமும் எவர் கையில் இருந்தன என்பது உற்பத்தி உறவுகளோடு பிணைந்த வினா. அந்த வகையில் இது சமூகவியல் வினாவும் ஆகும்.

கலைக்களஞ்சிய மரபு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1859இல் சைமன் காசிச்செட்டி புலவர் வரலாறுகளைத் தொகுத்துத் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலாக யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வந்தது. 1902இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ வெளியாயிற்று. தமிழின் முதலாவது கலைக்களஞ்சியம் என இதனைக் கூறுவோர் பலர். 1910இல் தமிழகத்தில் வெளியான ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’க்கு இது எட்டு ஆண்டுகள் முந்தியது. இந்நூல்கள் தனிமனித உழைப்பின் வியப்புக்குரிய சாதனைகள். எனினும் அவற்றின் வழிமுறை ஒன்றே: கேட்டதையும் படித்ததையும் தொகுத்தல். புராண பாத்திரங்களும் வரலாற்று மாந்தரும் அகரவரிசையில் அருகருகே அமர்கின்றனர். எங்கிருந்து இச்செய்தி பெறப்பட்டது என்று வாசகன் கேட்பதற்கு இடமில்லை. ஆசிரியரின் புலமையே சான்று. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் ‘கலைக்களஞ்சியம்’ துறைவல்லுநரை எழுதச்செய்து இந்நிலையை மாற்றியது. ஆனால் அங்கும் வாசகன் நம்பவேண்டியது கட்டுரையாளரின் பதவியையும் பட்டத்தையுமே.

கூட்டாக எழுதப்படும் கலைக்களஞ்சியத்தில் எழுதுபவர் எவர் என்பது பெரும்பாலும் தெரியாது. பள்ளி மாணவராயிருக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியராயிருக்கலாம், கனடாவில் இரவுப்பணி முடித்து வந்தவராயிருக்கலாம். ஆகவே புலமையைச் சான்றாகக் காட்ட வழியில்லை. அதன் இடத்தில் மெய்யறிதன்மை என்னும் விதி வைக்கப்பட்டுள்ளது. எழுதப்படும் ஒவ்வொரு செய்தியையும் வாசகன் தானே சென்று சரிபார்க்கத்தக்க வெளியீடு ஒன்று இருத்தல் வேண்டும். இல்லையெனில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு அருகே ஒட்டப்படும். சொந்த ஆய்வு முடிபுகளை அங்கு முதன்முதலாக வெளியிடலாகாது. ஒவ்வொரு திருத்தமும், திருத்துமுன் இருந்த வாசகமும் பேணப்படும்.

இவ்விதியை நாம் முற்போக்கானது எனக் கருதுகின்றோம். பிரெஞ்சு நாட்டில் 1751 தொடக்கம் திதரோவும் அவர் தோழரும் வெளியிட்ட கலைக்களஞ்சியம் திருச்சபையின் அதிகாரத்துக்கு எதிராக அறிவை நிறுத்தியது. ஆயின் எழுதியோர் சொல்வதை ஏற்கும் நிலையிலேயே வாசகன் அங்கும் இருந்தான். திருத்தத்தின் சுவடுகளை வாசகன் முன் வைப்பது அதனினும் ஒருபடி மேலானது. நமது அணியின் வரலாற்றிலிருந்தே இதற்கு எதிர்மறை உதாரணம் ஒன்று தரலாம், அதனை மறைப்பதற்கில்லை. 1953இல் பேரியா வீழ்ச்சியுற்றபின், பெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் சந்தாதாரருக்கு அவர் பற்றிய பக்கங்களை வெட்டி நீக்குமாறும், அனுப்பப்பட்ட பேரிங் கடல் முதலிய கட்டுரைப் பக்கங்களை அவ்விடத்தில் ஒட்டுமாறும் அறிவுறுத்தப்பட்டது. வெட்டிய பக்கம் எங்கே என்று கேட்க இயலாத களஞ்சியத்தைக் காட்டிலும், பிழையும் திருத்தமும் ஒருங்கே கிடக்கும் களஞ்சியம் பொருள்முதல்வாதிக்கு உகந்தது.

சான்று காட்டும் ஒழுக்கம் மார்க்சியத்துக்குப் புறம்பான கல்விமான்களின் கெடுபிடி என எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்கள் ‘மூலதன’த்தின் நான்காம் ஜேர்மன் பதிப்புக்கு 1890இல் ஏங்கெல்சு எழுதிய முன்னுரையைப் படித்தல் நன்று. பிரித்தானிய நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் 1863 ஏப்ரல் 16இல் ஆற்றிய வரவுசெலவுத்திட்ட உரையின் வாக்கியமொன்றை மார்க்ஸ் புனைந்துவிட்டார் என 1872இல் பெயர் குறியாத கட்டுரையாளர் ஒருவர் குற்றஞ்சாட்டினார். பின்னர் அவர் பேராசிரியர் பிரென்டானோ எனத் தெரியவந்தது. பாராளுமன்ற உரைகளின் அறிக்கைத் தொகுப்பான ஹன்சாட்டில் அவ்வாக்கியம் அவ்வாறு இல்லை என்பதே அவர் வாதம். மறுநாட் காலை வெளியான இலண்டன் நாளிதழ்களில் அவ்வாக்கியம் இருப்பதை ஏங்கெல்சு காட்டினார். ஹன்சாட்டுக்குச் செல்லுமுன் பேச்சாளர் தமது உரையைச் செப்பனிட்டிருந்தார். நூலின் ஆங்கிலப் பதிப்புக்காக எலினோர் மார்க்ஸ் மேற்கோள்களை மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த உழைப்பையும் ஏங்கெல்சு அங்கே குறிப்பிடுகின்றார். இந்நிகழ்ச்சியில் நமக்குப் பாடங்கள் இரண்டு. ஒரு மேற்கோளின் பொருட்டு இருபது ஆண்டு வழக்காடுவது வீணன்று என்பது ஒன்று. அரச முத்திரை பெற்ற ஆவணம் எப்பொழுதும் நாளிதழினும் நம்பகமானதன்று என்பது மற்றையது.

இனி நமது நிலத்துக்கு வருவோம். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் எப்பொழுது கட்டப்பட்டது? திருவிழாக்காலச் சிறப்பிதழ், கோயில் மலர், சுற்றுலாக் கையேடு எதனை எடுத்துப் பார்த்தாலும் ஓர் ஆண்டு கிடைக்கும். கி.பி. 948 என்பது பலவற்றிற் காணப்படுவது. இந்த ஆண்டின் ஊற்று எது என்று பின்னோக்கிச் சென்றால், சகவருடம் 870இல் புவனேகவாகு நல்லூரில் நகரும் கோயிலும் அமைத்ததாகக் கூறும் ஒரு செய்யுளை வந்தடைகின்றோம். ‘யாழ்ப்பாண வைபவமாலை’யும் இதனையொட்டியே செல்கின்றது. வைபவமாலையோ 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் விரும்பியவாறு மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியது. அது தனக்கு முன்னிருந்த கைலாயமாலை, வையாபாடல் முதலியவற்றிலிருந்து செய்தி பெற்றது. இராசநாயக முதலியாரும் ஞானப்பிரகாச சுவாமிகளும் 1920களில் இந்நூலின் கூற்றுகளைக் கடுமையாக ஆராய்ந்தனர். சுவாமிகள் 1928இல் வெளியிட்ட ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் தலைப்பே அதனைக் கூறும். 1965இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய கா. இந்திரபாலா, யாழ்ப்பாண அரசின் தோற்றத்தை 13ஆம் நூற்றாண்டில் வைத்தார். சி. பத்மநாதன் 1978இல் வெளியிட்ட நூலில் அவ்வரசின் வரலாற்றை விரிவாக எழுதினார். அரசே தோன்றாத காலத்தில் அதன் தலைநகரும் கோயிலும் எழுந்தன என்று கொள்வது எவ்வாறு?

இதற்கு மாறாக இன்னொரு செய்தி உண்டு. கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியத்தில் புவனேகவாகுவின் பெயர் சிங்கள மன்னர் பூண்ட சிறீசங்கபோதி என்னும் விருதோடு வருகின்றது. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் சார்பில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தை வென்று ஆண்ட செண்பகப்பெருமாள், பின்னர் கோட்டைக்குத் திரும்பி ஆறாம் புவனேகவாகு என்னும் பெயருடன் முடிசூடினான். ஆகவே கோயிலைக் கட்டியவன் அல்லது மீளக் கட்டியவன் அவனே என்பது ஆய்வாளர் பலரது கருத்து. இது பெயரையும் விருதையும் கொண்டு பெறப்பட்ட அனுமானம். வலுவான அனுமானந்தான், எனினும் அனுமானமே. அக்கோயில் 1621இல் ஒலிவேராவின் கட்டளையால் இடிக்கப்பட்டது என்பதும், இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலமாகிய 18ஆம் நூற்றாண்டில் இரகுநாத மாப்பாண முதலியாரோடு தொடங்குவது என்பதும் இவற்றினும் உறுதியானவை. போர்த்துக்கேயர் காலத்துக்குக் குவேறோஸ் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிய நூல் உண்டு. அது வெற்றியாளரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்பது உண்மை. ஆனால் தாம் இடித்ததைத் தாமே பெருமையோடு சொல்லும் சாட்சி அவ்விடயத்தில் ஐயத்துக்கு உரியதன்று.

கலைக்களஞ்சியத்தில் எழுதுவோர் இங்கு இழைக்கக்கூடிய தவறு, சான்றுகளை எண்ணுவதாகும். கி.பி. 948க்கு ஐந்து வெளியீடுகள், 15ஆம் நூற்றாண்டுக்கு இரண்டு. எனவே முந்தியதே வலுவானது என்று முடிவுகட்டுதல். ஐந்து வெளியீடுகளும் ஒரே செய்யுளிலிருந்து எடுத்தெழுதியவை. பத்துப் பேர் வந்து சொன்னாலும், பத்துப் பேரும் ஒருவனிடம் கேட்டதைச் சொன்னால் நீதிமன்றத்தில் சாட்சி ஒன்றே. இதனினும் வேடிக்கையான நிலை ஒன்று அண்மைக்காலத்தில் தோன்றியுள்ளது. கலைக்களஞ்சியத்தில் சான்றின்றி எழுதப்பட்ட வாக்கியத்தை நாளிதழொன்றின் ஞாயிறு மலர் பெயர் சுட்டாது எடுத்தாளும்; சில ஆண்டுகள் கழிந்தபின் அதே வாக்கியத்துக்குச் சான்றாக அந்த ஞாயிறு மலர் கலைக்களஞ்சியத்தில் ஏறும். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கியதை வளர்ச்சி எனக் கொண்டாடுவது போன்றது இது.

இங்கே ஆண்டுகளின் அரசியலையும் கூறாதிருத்தல் இயலாது. கி.பி. 948 என்பது சிலருக்கு இனிப்பது, அது தமிழரசின் தொன்மையை நீட்டுவதால். செண்பகப்பெருமாள் என்பது வேறு சிலருக்கு இனிப்பது, அது நல்லூரையே சிங்கள இளவரசனின் கொடையாக்குவதால். இரு சாராரும் 15ஆம் நூற்றாண்டின் அரசகுலத்தவனுக்கு 20ஆம் நூற்றாண்டின் இனவுணர்வை அணிவிக்கின்றனர். நல்ல பதிவு செய்யவேண்டியது, எந்தச் செய்யுள் எந்த ஆண்டைக் கூறுகின்றது, கட்டியம் எதனைக் கூறுகின்றது, யார் எதிலிருந்து எதனை அனுமானித்தனர் என்பதை வேறுவேறாக வைப்பதே. அதனால் கட்டுரையின் முதல் வாக்கியம் கம்பீரம் இழக்கும்; இழக்கட்டும்.

அடுத்து நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் வலிமிக்கது. யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981இல் எரிக்கப்பட்டமை ஈழத்தமிழரின் பண்பாட்டு நினைவில் ஆறாத புண். கே. எம். செல்லப்பா தமது வீட்டில் தொடங்கி, 1934இல் பொதுமக்களுக்கெனத் திறக்கப்பட்ட சிறு வாசிகசாலையிலிருந்து, 1959இல் திறக்கப்பட்ட எழில்மிகு கட்டடம் வரை மக்களின் பணத்தாலும் உழைப்பாலும் வளர்ந்த நிறுவனம் அது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலையொட்டிய நாட்களில், சீருடை தரித்தோரும் அவரோடு சேர்ந்தோரும் அதனைக் கொளுத்தினர். இக்குற்றத்தில் ஐயத்துக்கு இடமில்லை. அதனை விவரிக்கும் எழுத்துகளின் சான்று ஒழுக்கமோ கவலை தருவது. எரிந்த நூல்கள் 97,000 என்பாரும் 95,000 என்பாரும் உளர். இவ்வெண்களை நூலகத்தின் எந்தப் பதிவேட்டிலிருந்து பெற்றனர் என்று கூறுவோர் மிகச் சிலர். வன்செயல் மே 31 இரவு தொடங்கியது. நூலகம் எரிந்தது அவ்விரவிலா யூன் 1ஆம் திகதி இரவிலா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. நமது தலைமுறைக்கு முந்தியோர் கண்முன் நிகழ்ந்த ஒன்றன் திகதியே இவ்வாறெனின், சகவருடம் 870இன் நிலையை விளக்க வேண்டியதில்லை.

இவற்றினும் பாரதூரமானது வேறொரு கூற்று. ‘யாழ்ப்பாண வைபவமாலை’யின் எஞ்சியிருந்த ஒரே பிரதி அத்தீயில் அழிந்தது என ஆங்கிலத்திலும் தமிழிலும் மீளமீள எழுதப்படுகின்றது. உணர்ச்சியை எழுப்பும் வாக்கியம் அது. படிப்போரின் நெஞ்சு அடைக்கும். ஆனால் வைபவமாலையின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பிறிற்றோ 1879லேயே வெளியிட்டுவிட்டார். தமிழ் மூலத்தைக் குல. சபாநாதன் பதிப்பித்தார், அப்பதிப்பை ஆய்வாளர் பயன்படுத்திவருகின்றனர். நாமும் மாணவப் பருவத்தில் அதனையே படித்தோம். நூலகத்தில் அந்நூலின் ஏட்டுப்பிரதி ஒன்று இருந்து எரிந்தது என்பது வேறு கூற்று; நூலே உலகிலிருந்து மறைந்தது என்னும் பொருள்படப் பேசுவது வேறு. முந்தியதைக் கூறுவோர் அவ்வேட்டை எவர் கண்டார், எந்த நூலில் விவரித்தார் என்பதைக் காட்டவேண்டும்.

இத்தகைய நுணுக்கங்களைப் பேசுவது துயரத்தைக் குறைத்து மதிப்பிடுவதாகாதா என்று ஒரு கருத்தரங்கில் நம்மிடம் கேட்கப்பட்டது. கேட்டவரின் உணர்வை நாம் மதிக்கின்றோம். எனினும் குற்றத்தை மறுக்க விரும்புவோருக்கு நாமே தரும் கருவி இத்தகைய வாக்கியமே. ஒரு கூற்றைப் பொய்யென நிறுவிவிட்டு, மற்றனைத்தும் இவ்வகையினவே என்று கூறுவது மறுப்போரின் பழைய உத்தி. பிரென்டானோ செய்ய முயன்றதும் அதுவே. மேலும், மிகைக்கூற்று உண்மையான இழப்பை மறைத்தும் விடுகின்றது. அச்சேறி எங்கும் கிடைக்கும் நூலுக்காக அழும்பொழுது, அச்சேறாத ஏட்டுச்சுவடிகள், தனிப்பிரதிகளாக இருந்த துண்டுப்பிரசுரங்கள், உள்ளூர்ச் சஞ்சிகைத் தொகுதிகள் ஆகியவற்றைப் பட்டியலிடும் பணி செய்யப்படாதே கிடக்கின்றது. அந்நாட்களில் ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் எரிக்கப்பட்டது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். நிகழ்ச்சியோடு அதனைப் பதிவுசெய்யும் கருவியும் சேர்த்துத் தாக்கப்பட்ட நிலத்தில், எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாளும் இருமடங்கு கவனத்தோடு கையாளப்பட வேண்டியது.

இதுவரை கூறியவற்றால், அச்சிட்ட சான்று இருந்தால் யாவும் சரியாகிவிடும் என்ற எண்ணம் எழுமாயின் அது நமது கருத்தன்று. அச்சு எவருக்கு வாய்த்தது என்பதே அடிப்படை வினா. யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வரலாற்றாசிரியனுக்கு அது சாசனம். ஊரவர்க்கு அது, ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது வழங்கப்படும் நினைவு மலர். இறந்தவரின் குலமுறை, கல்வி, உத்தியோகம், கோயிற்றொண்டு, மக்கள் மருமக்கள் பெயர் யாவும் செய்யுளிலும் உரைநடையிலும் அதில் அமையும். உள்ளூர்ப் பிரமுகரின் வாழ்க்கை வரலாற்றுக்கு இதைவிட வளமான மூலம் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் பிற வெளியீடுகளுடன் இத்தகைய மலர்களையும் மின்னூலாக்கிப் பொதுவில் வைத்திருப்பது அரும்பணி. ஆயினும் இறந்தவரைப் பழித்து அந்தியேட்டி மலர் வெளியிட்டார் எவருமிலர். பிறப்பு, உத்தியோகம் முதலியவற்றின் ஆண்டுகளுக்கு அதனை ஏற்கலாம். ஏழைபங்காளர் என்னும் அடைமொழிக்கு அதனைச் சான்றாகக் கொள்ள இயலாது. அம்மலரை அச்சிடும் வசதியற்ற குடும்பங்களின் இறந்தோர் இம்மூலத்தில் இல்லை என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோயில்களின் கும்பாபிடேக மலரும் பாடசாலைகளின் நூற்றாண்டு மலரும் இதே இயல்பின. காணி கொடுத்தவர் பெயர் உண்டு. கல் சுமந்தவர் பெயர் இல்லை. பழைய ஆவணங்களுக்குச் சென்றாலும் நிலைமை இதுவே. தேசவழமையை 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்சு தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புதல் அளித்தனர். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு அளித்தனர். அடிமைகள் பற்றிய விதிகளும் அதில் உள. அடிமைகளை உடைமையாக வைத்திருந்த வகுப்பாரின் வழக்கமே நாட்டின் வழக்கமாக எழுதப்பட்டது. அடிமைகளிடம் எவரும் ஒப்புதல் கேட்டாரல்லர். கலைக்களஞ்சியத்தின் அளவுகோலில் தேசவழமை மிகச்சிறந்த சான்று. அது எதற்குச் சான்று என்பதே கேட்கப்பட வேண்டியது. ஆண்டோர் எவ்வாறு ஆள விரும்பினர் என்பதற்கு அது ஐயமற்ற சான்று. ஆளப்பட்டோர் அதனை வழமையாக ஏற்றனர் என்பதற்கு அதனிடம் சான்று ஏதுமில்லை.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் 1968இல் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டம் இதனை இன்னும் தெளிவாக்கும். 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தோடு எழுச்சிபெற்ற தீண்டாமை எதிர்ப்பு இயக்கத்தின் அடுத்த கட்டங்களுள் அது ஒன்று. கோயில் வாயிலில் நின்று தடுத்தோருள் முன்னாள் அமைச்சரும் கணிதப் பேராசிரியருமான சி. சுந்தரலிங்கம் முதன்மையானவர். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அவர்மீது தொடரப்பட்ட வழக்கு மேன்முறையீடாக இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. அதனால் நிகழ்ச்சி சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. இன்று மாவிட்டபுரம் பற்றி எழுதுவோருக்கு எளிதிற் கிட்டும் அசைக்கமுடியாத சான்று, தடுத்தவர் தமது உரிமைக்காக நடத்திய வழக்கின் ஏடே. வெயிலில் வாயிலில் அமர்ந்திருந்தோருள் மிகப் பலரின் பெயரை அதிற் காணமுடியாது. இயக்கத்தின் பக்கத்திலிருந்து வெகுஜனன், இராவணா ஆகியோர் எழுதிய நூல் இக்குறையை ஓரளவு நிரப்புகின்றது. இயக்கத்தாரே எழுதியதாகலின் அது சார்புடையது என்று ஒதுக்குவோர், சட்ட அறிக்கை எவரது முன்முயற்சியால் உருவாயிற்று என்பதையும் ஒருங்கே எண்ணுதல் தகும். சார்பற்ற மூலம் என ஒன்றில்லை. சார்பு வெளிப்பட்ட மூலம், வெளிப்படாத மூலம் என இரண்டே உள.

நாவலைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற வினாவும் இங்கு எழும். கே. டானியல் இப்போராட்டங்களிற் பங்குகொண்டவர். ‘பஞ்சமர்’ 1972இல் வெளியானது. ஊர்ப்பெயர், திகதி, மாண்டோர் தொகை ஆகியவற்றுக்கு நாவலைக் காட்டுவது தவறு. அதனை இலக்கிய மாணவராகிய நாமே முதலில் சொல்லவேண்டும். ஆனால் நிலவுடைமையாளனுக்கும் குடிமைத்தொழில் செய்வோனுக்கும் இடையிலான அன்றாட உறவின் தன்மையை அறிய, அக்கால வரலாற்று நூல்கள் பலவற்றைக் காட்டிலும் டானியலே உதவுவார். பால்சாக்கிடமிருந்து தாம் கற்றதைப் பற்றி ஏங்கெல்சு 1888இல் கடிதமொன்றில் எழுதியது இதனை ஒட்டியதே. நாவலாசிரியரின் பார்வை என அடையாளமிட்டு அதனைப் பதிவிற் சேர்ப்பதில் தடையொன்றுமில்லை.

எனின், ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றுக்கு அச்சுச் சான்று இல்லாதவிடத்து விதியைத் தளர்த்தலாமா? அவ்வாறு வேண்டுவோரின் நோக்கம் நல்லது, வழி நல்லதன்று. தளர்த்திய விதி முதலில் எவருக்குப் பயன்படும்? இணைய வசதியும் ஓய்வும் எழுத்துப் பயிற்சியும் உடையவர்க்கே. ஒவ்வொரு குலமும் தனக்கு ஓர் அரசபரம்பரையை எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு கோயிலும் ஆயிரம் ஆண்டு மூத்ததாகும். விதியை வைத்துக்கொண்டு மூலங்களை உருவாக்குவதே செய்யத்தக்கது. அப்பணி கலைக்களஞ்சியத்தாருடையதன்று, அவர் விதியே அதனைத் தடுக்கின்றது. அது பல்கலைக்கழகத்தின் பணி, இத்தகைய ஆய்விதழ்களின் பணி. வாய்மொழிச் சான்றை எவர் கூறினார், எவர் கேட்டார், எப்பொழுது, எங்கு என்பவற்றோடு பதிவுசெய்து, முரண்பாடுகளைச் செப்பனிடாது அச்சிட்டுவிட்டால் அது எவரும் சரிபார்க்கத்தக்க வெளியீடாகிவிடும். தகுதிபெற்ற மூலம் இல்லை என்று கலைக்களஞ்சியத்தை நோக்கிக் கைநீட்டும் நாம், அம்மூலத்தை உண்டாக்க வேண்டியவர் எவர் என்று நம்மை நோக்கிக் கேட்டதில்லை. பட்டப்பின் படிப்பு ஆய்வேடுகள் எத்தனை நமது நூலக அலுமாரிகளில் வெளியார் கண்படாது கிடக்கின்றன!

வலிகாமத்து ஊரொன்றின் மாணவர் ஒருவர் தமது ஊர்பற்றிய பதிவில், அங்கிருந்த தேநீர்க்கடையில் தனிப் பேணி வழக்கம் போராட்டத்தால் ஒழிந்த செய்தியைச் சேர்த்தார். சான்று தேவை என்ற குறிப்பு வந்தது, முறையான குறிப்புத்தான். மாணவர் சினத்தோடு நம்மிடம் வந்தார். அவ்வூர்ப் பாடசாலை மலரிலும் சனசமூக நிலைய மலரிலும் தேடினோம். கடை உரிமையாளர் வாசிகசாலைக்கு நன்கொடை அளித்த செய்தி மட்டும் இருந்தது. பின்னர் போராட்டத்திற் பங்குகொண்ட முதியவர் ஒருவரையும், அக்கடைக்கு விறகு கொண்டுசென்ற மூதாட்டி ஒருவரையும் தனித்தனியே சந்தித்து, அவர்தம் ஒப்புதலோடு பதிவுசெய்தோம். முதியவர் அது 1967 என்கிறார். மூதாட்டி ஆண்டு சொல்லவில்லை. மாவிட்டபுரத்துக்கு ஆட்கள் போன அதே கோடைக்குப் பிந்திய மாரி என்கிறார், அதாவது 1968. இரண்டையும் அவ்வாறே எழுதிவைத்துள்ளோம். அவ்வாண்டுகளின் ஈழநாடு, வீரகேசரிக் கோவைகளைக் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தேடவேண்டியுள்ளது. மாணவர் அதற்கென அடுத்த மாதம் புறப்படுகின்றார். ஒக்டோபர் தொடக்கம் சனவரி வரையான கோவைகளை முதலிற் பார்க்குமாறு கூறியுள்ளோம்.